கல்ச்சர் ரிப்போர்ட்டில் 11 ‘ஆர்’: அம்மாவுக்கு இனி மருந்தே இல்லையா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 58 வயது, பல வருடமாகச் சர்க்கரை. நீர்க்கடுப்பு வந்தது. சூடு என்று நினைத்து இளநீரும் மோரும் கொடுத்துப் பார்த்தீர்கள், அடங்கவில்லை. மெடிக்கலில் சொல்லி சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கி 3 நாள் கொடுத்ததும் சரியாகிவிட்டது. 2 வாரத்தில் திரும்ப வந்தது. டாக்டர் செஃபிக்சிம் எழுதினார், அதற்கும் மசியவில்லை. அப்புறம்தான் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனை. ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற கிருமி, மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல், ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ் என்று போட்டு, 16 மருந்துகளில் 11-க்கு நேரே ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், அதாவது கிருமி அந்த மருந்துக்கு அடங்காது). ‘எந்த மருந்துக்கும் கேட்காத கிருமி’ என்று லேபில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இனி ஊசிதானா, 3 நாளில் மாத்திரையை நிறுத்தியதால் வந்த வினையா, வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் இருப்பது இரண்டு கேள்விகள் என்று எனக்குப் படுகிறது. அம்மாவுக்கு மருந்து மிச்சம் இருக்கிறதா? இது எங்கள் தப்பா?

நான் மைக்ரோபயாலஜி படித்த டாக்டர். 20 வருடத்துக்கு மேலாக கல்ச்சர் தட்டுகளோடுதான் பிழைப்பு. நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதும் வேலை என்னுடையதல்ல. அதனால் ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது என்பதில் உறுதியாகப் பேசுவேன். அம்மாவுக்கு எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை அவரை நேரில் பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் அவருக்கு எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியாது.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லலாம். மருந்து இருக்கிறது. லேபில் சொன்னது தவறு. நீங்கள் எழுதிய பட்டியலிலேயே 5 மருந்துகளுக்கு ‘எஸ்’ (சென்சிடிவ், அதாவது கிருமி அடங்கும்) இருக்கிறது: நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிக்காசின், மெரோபெனம், எர்டாபெனம். இவற்றில் முதல் இரண்டும் வாய்வழி சாப்பிடுபவை, விலையிலும் எட்டாதவை அல்ல.

அந்த 11 ‘ஆர்’ பயமுறுத்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் கொஞ்சம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ஆம்பிசிலின், செஃபுராக்சிம், செஃபிக்சிம், செஃபோடாக்சிம், செஃப்ட்ரியாக்சோன், செஃப்டாசிடிம், செஃபிபைம்: இந்த ஏழும் ஒரே குடும்பம். ஈ.எஸ்.பி.எல். என்பது இந்தக் குடும்பத்து மருந்துகளை உடைத்துப் போடும் ஒரு நொதி. கிருமியிடம் அது ஒன்று இருந்தால் போதும், பட்டியலில் ஏழு ‘ஆர்’ விழுந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் மூன்றும் இன்னொரு குடும்பம். அவை போய் ஒட்ட வேண்டிய புரதத்தின் வடிவம் கிருமியில் லேசாக மாறியிருக்கும், அதனால் மூன்றுமே வேலை செய்யாது. மிச்சம் கோ-ட்ரைமாக்சசோல். ஆக 11 ‘ஆர்’ என்பது உண்மையில் 3 பூட்டுதான். ஒரே பூட்டில் ஏழு சாவியைப் போட்டுப் பார்த்து ஏழும் திறக்கவில்லை என்று எழுதினால் பட்டியல் நீளத்தான் செய்யும். பெரிய லேப் 20 மருந்து போடும், சின்ன லேப் 8 போடும், கிருமி அதேதான். ‘ஆர்’ எத்தனை என்பதை வைத்து நோயின் தீவிரத்தை அளக்க முடியாது. இந்தக் கிருமி சாதாரண ஈ.கோலையைவிட அதிகமாக எரிச்சல் தரும் என்றோ சீக்கிரம் சிறுநீரகத்துக்கு ஏறும் என்றோ அர்த்தமில்லை. தவறான மருந்து கொடுத்து நாளைக் கடத்தினால்தான் சிக்கல்.

அந்த எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்கிறேன், ரிப்போர்ட்டை வாசிக்க உதவும். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறுநீரை எடுக்கிற சின்ன வளையக் கம்பியால், கிருமி வளர்க்கும் அகார் தட்டில் இழுத்துவிட்டு, ஒரு ராத்திரி இன்குபேட்டரில் வைப்போம். காலையில் 100 புள்ளிகளுக்கு மேல் முளைத்திருந்தால், மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்று கணக்கு. ஈ.கோலை எங்கள் தட்டில் மஞ்சளாக வளரும், கழிவறை வாடை லேசாக வரும். அதை உப்புநீரில் கலக்கி, இன்னொரு தட்டு முழுக்கப் பஞ்சால் பூசி, மேலே மருந்து ஊறிய காகித வில்லைகளை வைத்து மறுபடி ஒரு ராத்திரி. உங்கள் அம்மாவுடையது போன்ற தட்டை மறுநாள் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையின் விளிம்பு வரை கிருமி புல்வெளி மாதிரி வந்து முட்டிக்கொண்டிருக்கும். வில்லை வெறும் காகிதமாகக் கிடக்கும். பக்கத்திலேயே நைட்ரோஃபுரான்டாயினைச் சுற்றி வட்டமாக வெறுமை, ஒரு கிருமி இருக்காது. அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளக்கிறோம். சில ரிப்போர்ட்டுகளில் அந்த எண்ணையும் அச்சடித்துவிடுவார்கள். எண் பெரிதாக இருக்கிற மருந்துதான் நல்ல மருந்து என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு. நைட்ரோஃபுரான்டாயினுக்கு 20 மி.மீ. வட்டம் இருந்தால் ‘எஸ்’. அதே 20 மி.மீ. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ‘ஆர்’. எழுத்தைப் பாருங்கள், எண்ணை விட்டுவிடுங்கள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. தட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வந்த சிறுநீர் சரியில்லை என்றால் ரிப்போர்ட்டும் சரியில்லை. காலை 6 மணிக்கு வீட்டில் பிடித்து, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, பஸ்ஸில் வந்து, மதியம் 12 மணிக்கு எங்கள் ஜன்னலில் நீட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நம் ஊர் வெயிலில் அதற்குள் கிருமி பெருகிக் கணக்கே மாறிவிடும். முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதை, லேப் கொடுக்கிற மூடியுள்ள டப்பாவில் பிடித்து, 2 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வரலாம். அம்மா கொடுத்தது எப்படி என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரே வகைக் கிருமி, ஒரு லட்சத்துக்கு மேல், கூடவே எரிச்சலும் இருக்கிறது என்பதால் ரிப்போர்ட்டை நம்பலாம் என்றே நினைக்கிறேன். மூன்று நான்கு வகைக் கிருமிகள் கலந்து வந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சரி, இது யார் தப்பு? ‘உடம்பு அந்த மாத்திரைக்குப் பழகிவிட்டது’ என்று ஊரில் சொல்வார்கள். உடம்பு பழகுவதில்லை. தாக்குப்பிடிப்பது கிருமி, அதுவும் பெரும்பாலும் நீங்கள் மாத்திரை கொடுப்பதற்கு முன்பே அம்மாவின் குடலில் இருந்திருக்கும். நீர்த்தொற்றை உண்டாக்குகிற ஈ.கோலை வெளியிலிருந்து பறந்து வருவதில்லை. நம் குடலில் இருப்பதுதான் அக்கம்பக்கமாக நகர்ந்து சிறுநீர்ப் பாதையில் ஏறுகிறது. பெண்களுக்கு அந்தத் தூரம் குறைவு என்பதால்தான் அவர்களுக்கு அதிகம் வருகிறது. நம் நாட்டில் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்களின் குடலிலும் ஈ.எஸ்.பி.எல். கிருமி சகஜம். 2017-ல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு வெளியானது. வெளிநாடு போய்த் திரும்பிய கிட்டத்தட்ட 2,000 பேரைப் பரிசோதித்தார்கள். கிளம்பும்போது இந்தக் கிருமி இல்லாமல் தெற்காசியாவுக்கு வந்து போனவர்களில் 4-ல் 3 பேர் அதைக் குடலில் சுமந்துகொண்டு ஊர் திரும்பியிருந்தார்கள். சில வாரம் வந்து தங்கியவர்களுக்கே இந்தக் கதி என்றால், இங்கேயே தண்ணீர் குடித்து இங்கேயே சாப்பிடுகிற நம்மைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்று உலகில் மிகப் பரவலாக இருக்கிற ஈ.எஸ்.பி.எல். வகை சி.டி.எக்ஸ்-எம்-15. அது முதலில் அறியப்பட்டது 1999-ல் டெல்லியில் சேகரித்த கிருமிகளில்தான்.

அப்படியானால் அந்த 3 நாள் மாத்திரை ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. குடலில் எளிதில் சாகிற ஈ.கோலையும் சாகாத ஈ.கோலையும் கலந்து கிடக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் போனதும் முதல் வகை குறைந்து, இரண்டாவதுக்கு இடம் கிடைக்கிறது. களைக்கொல்லி அடித்த வயலில் அதற்கு அடங்காத களை மட்டும் செழிப்பதைப் போல. இதில் இன்னொரு கோளாறு. சிப்ரோஃப்ளாக்சசினை எதிர்க்கும் தன்மையும் ஈ.எஸ்.பி.எல். நொதியும் ஒரே கிருமியில் சேர்ந்திருப்பது மிக சகஜம். கோ-ட்ரைமாக்சசோலை எதிர்க்கும் மரபணுவும் பல சமயம் ஈ.எஸ்.பி.எல். மரபணுவோடு ஒரே டி.என்.ஏ. வளையத்தில் கோத்திருக்கும், அந்த வளையம் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும். ஆகவே ஒரு மருந்தைச் சாப்பிட்டால் அதோடு சம்பந்தமே இல்லாத வேறு இரண்டு மருந்துக்கும் அடங்காத கிருமி மேலே வரலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட முதல் ஒன்றிரண்டு மாதத்தில் இந்த விளைவு அதிகம், ஒரு வருடம் வரை கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. அதனால்தான் ‘கடைசியாக எப்போது என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்’ என்று டாக்டர் கேட்கிறார். அதற்கு ‘ஏதோ வெள்ளை மாத்திரை’ என்று சொல்லிவிட்டு வருவதில் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

3 நாளில் நிறுத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை. வேடிக்கை என்னவென்றால், சிக்கலில்லாத சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் புத்தகப்படியே 3 நாள்தான். ‘கோர்ஸை முடிக்காததால்தான் கிருமி முரட்டுத்தனமாகிறது’ என்று நாங்களே பல வருடம் சொல்லிக்கொடுத்தோம். காசநோய்க்கு அது முற்றிலும் உண்மை. நீர்க்கடுப்புக்கு அதே கதையைப் பொருத்துவதற்கு ஆதாரம் மெலிவு, தேவைக்கு மேல் நீட்டுவதுதான் குடலில் எதிர்ப்புக் கிருமிகளை வளர்க்கிறது என்று இப்போது பலர் வாதிடுகிறார்கள். நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். அதற்காக எழுதிக்கொடுத்ததை நீங்களாகவே பாதியில் நிறுத்த வேண்டாம், எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் பிழை, சிறுநீரைப் பரிசோதிக்காமல் அந்த மருந்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. ஆஸ்பத்திரி லேபுகளின் கணக்கில் நம் நாட்டு ஈ.கோலையில் பாதிக்கு மேல் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்குவதில்லை. இன்னொன்று, சர்க்கரைக்கு கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மருந்துக் குடும்பம் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடலாம். மெடிக்கல் கவுண்டரில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

‘பாதிக்கு மேல்’ என்று சொன்னேனே, அந்தக் கணக்கையும் அப்படியே விழுங்க வேண்டாம். எங்களிடம் கல்ச்சருக்கு யார் வருகிறார்கள்? முதல் மாத்திரையிலேயே குணமானவர் வருவதில்லை. இரண்டு மூன்று மருந்து பார்த்துத் தோற்றவரும், அடிக்கடி வருகிறவரும்தான் வருகிறார்கள். ரிப்பேருக்கு வந்த வண்டிகளை மட்டும் எண்ணி, ஊரில் ஓடுகிற வண்டியெல்லாம் பழுது என்று சொல்கிற மாதிரி. முதல் தடவை நீர்க்கடுப்பு வந்து, வேறு நோய் இல்லாத 25 வயதுப் பெண்ணிடம் எதிர்ப்புக் கிருமி இருக்கும் வாய்ப்பு எங்கள் கணக்கு காட்டுவதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு குறைவு என்று அடித்துச் சொல்கிற நிலையில் நான் இல்லை.

இப்போது மருந்துக்கு வருகிறேன். நைட்ரோஃபுரான்டாயின் 1950-களில் இருந்து புழக்கத்தில் இருக்கிற கிழ மருந்து. எத்தனையோ புதிய மருந்துகள் தோற்ற பிறகும் ஈ.கோலைக்கு அது பெரும்பாலும் வேலை செய்கிறது. கிருமியின் சொந்த நொதிகளே அதை விஷமாக மாற்றிக்கொள்கின்றன, அந்த விஷம் ஒரே நேரத்தில் பல இடங்களில் அடிக்கிறது. ஒரு இடத்தை மாற்றிக்கொண்டு கிருமி தப்ப முடிவதில்லை. உடம்பில் வேறெங்கும் சேராமல் நேராகச் சிறுநீரில் போய்ச் சேர்வதால், சளிக்கும் காய்ச்சலுக்கும் யாரும் அதை அள்ளிக் கொடுக்கவில்லை. குடல் கிருமிகளையும் அது அதிகம் சீண்டுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நாளுக்கு 2 வேளை, 5 நாள் என்பது வழக்கம். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்யாவிட்டால் மருந்து சிறுநீரில் போதிய அளவு இறங்காது, பக்கவிளைவுதான் மிஞ்சும். நெடுநாள் சர்க்கரை என்பதால் கிரியாட்டினினைப் பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி, தண்ணீரில் கரைத்து ஒரே தடவை குடிப்பது. இரண்டும் சிறுநீர்ப்பையில் மட்டும் இருக்கிற தொற்றுக்குத்தான். கிருமி ஈ.கோலையாக இல்லாமல் க்ளெப்சியெல்லாவாகவோ புரோட்டியஸாகவோ இருந்திருந்தால் நான் இவ்வளவு நிம்மதியாக எழுதியிருக்க மாட்டேன். புரோட்டியஸுக்கு நைட்ரோஃபுரான்டாயின் இயல்பாகவே கேட்காது.

குளிர் காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் முதுகு வலி, வாந்தி, அம்மா வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று வந்தாலும் கதை வேறு. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அப்போது நைட்ரோஃபுரான்டாயின் போதாது, ஈ.எஸ்.பி.எல். என்பதால் செஃப்ட்ரியாக்சோன் ஊசியையும் நம்ப முடியாது. எர்டாபெனம், மெரோபெனம் வகைதான் தேவைப்படும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

காய்ச்சல் இல்லாத வெறும் எரிச்சலுக்கு, ‘பவரான ஊசி போட்டுவிடலாம்’ என்று யாராவது மெரோபெனம் பக்கம் கையை நீட்டினால், மாத்திரையில் முடியாதா என்று ஒரு தடவை கேளுங்கள். அதையும் உடைக்கிற நொதி வந்துவிட்டது. 2008-ல் சுவீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட என்.டி.எம்-1 (‘என்.டி.’ என்றால் நியூ டெல்லி) அதுதான், அவர் அதற்கு முன் டெல்லியில் சிகிச்சை பெற்றவர். 2010-ல் வந்த அடுத்த பெரிய ஆய்வில் சென்னையில் கிடைத்த கிருமிகளும் இருந்தன. பெயரில் டெல்லி இருந்ததற்காக நாம் போட்ட சண்டையில் பாதியளவாவது மருந்து விற்பனையில் காட்டியிருக்கலாம் என்பது என் பழைய புகைச்சல். 2014 மார்ச் முதல் செஃபிக்சிம் உட்படப் பல ஆன்டிபயாடிக்குகளை ஹெச்-1 அட்டவணையில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்தத் தெருவில் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஒட்டுமா என்றால், சளி மாதிரி ஒட்டாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை, பேரப்பிள்ளையைத் தூக்கலாம். கழிவறை போய்வந்த கையின் வழியாக ஒரே வீட்டில் குடல் கிருமிகள் பகிரப்படுவது நிஜம், ஆனால் குடலில் இருப்பது நோயல்ல. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

எரிச்சல் நின்றுவிட்டால் ‘கிருமி போய்விட்டதா பார்ப்போம்’ என்று மறுபடி கல்ச்சர் கொடுக்காதீர்கள். இதை நான் சொன்னால் லேப் முதலாளிகளுக்குப் பிடிக்காது. சர்க்கரை உள்ள பெண்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். அப்படிப்பட்ட 105 பெண்களை வைத்து கனடாவில் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. மருந்து கொடுத்த பிரிவுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்த பிரிவுக்கும் பின்னால் வந்த சிக்கல்களில் வித்தியாசம் இல்லை, ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாட்கள்தான் கூடின. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப் போகிறவர்களுக்கும் மட்டும் இது பொருந்தாது.

திரும்பத் திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். இளநீரும் மோரும் கிருமியைக் கொல்லாது, ஆனால் அதிகம் நீர் குடிப்பதில் விஷயம் இருக்கிறது. குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த, மாதவிடாய் நிற்காத 140 பெண்களில் பாதிப் பேரை நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னதில், ஒரு வருடத்தில் நீர்த்தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அம்மா வயதுக்காரர்களுக்கு அதே அளவு பலிக்குமா என்பது உறுதியில்லை, இதயமும் சிறுநீரகமும் சரியாக இருந்தால் முயல்வதில் நஷ்டமும் இல்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீமை உள்ளே தடவுவது தொற்றை நன்றாகவே குறைக்கிறது. இதைப் பற்றி மகனிடம் பேச அம்மா கூச்சப்படுவார், அக்காவோ தங்கையோ மகளிர் டாக்டரிடம் கூட்டிப் போகட்டும். கிரான்பெர்ரி விஷயத்தில் ஆய்வுகள் முன்பு இல்லை என்றன, இப்போது கொஞ்சம் உண்டு என்கின்றன. அந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன். அப்புறம், சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அது சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதால் பூஞ்சைத் தொற்று வந்து அரிப்பும் எரிச்சலும் இருக்கும், அதையும் நீர்க்கடுப்பு என்றே சொல்வார்கள். பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் இன்னும் மோசமாகும்.

நாளைக்கு டாக்டரிடம் போகும்போது இந்த ரிப்போர்ட், கடைசி கிரியாட்டினின், சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட்டை போனில் படம் பிடித்து உங்கள் வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து எமர்ஜென்சியில் நிற்கும்போது, டியூட்டி டாக்டரின் கையில் அந்தப் படம் இருந்தால், கல்ச்சர் வருவதற்குள் போகிற இரண்டு நாளும் தவறான ஊசியில் போகாது.